இழுக்காமல் நடக்க ராஜபாளையம் நாயைப் பழக்குவது எப்படி?

ராஜபாளையம் நாய்க்குப் பத்து மாதத்தில் உடம்பு வளர்ந்துவிடும், புத்தி மட்டும் குட்டியாகவே இருக்கும். எங்கள் முத்து அப்போது 26 கிலோ. ஒருநாள் காலையில் அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு போனார். தெருமுனையில் ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே ஓட, முத்து பாய்ந்துவிட்டான். அம்மா சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். விழுந்ததில் முழங்கை சிராய்த்து, சுண்டுவிரல் எலும்பில் விரிசல். அதற்குப் பிறகுதான் நான் அவனை முறையாகப் பழக்க ஆரம்பித்தேன். ஏழு வாரம் பிடித்தது. சிப்பிப்பாறை, கன்னி, லாப்ரடார், நாட்டு நாய் எதுவாக இருந்தாலும் இதே முறைதான்.

முதலில், நாய் ஏன் இழுக்கிறது? நம்மை அடக்கப் பார்க்கிறது என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். வேப்பமரத்தடியில் மோப்பம் பிடிக்க ஆசைப்பட்டு இழுக்கிறது. நாமும் பின்னாலேயே போகிறோம். இழுத்தால் மரம் கிடைக்கும் என்று அதற்குக் கற்றுக்கொடுத்தது நாம்தான். இன்னொன்று, அழுத்தம் விழுந்தால் அதை எதிர்த்துச் சாய்வது விலங்குகளின் இயல்பு. நுகத்தடி கழுத்தில் பட்டதும் மாடு முன்னால் சாய்ந்து இழுக்கும் அல்லவா, அதே மாதிரிதான். நாம் பின்னால் இழுக்க இழுக்க நாயும் முன்னால் இழுக்கும். பலத்துக்குப் பலம் காட்டி இதில் ஜெயிக்க முடியாது.

என்னென்ன வேண்டும்

இரும்புச் சங்கிலியை வைத்துவிடுங்கள். ஆறடி நீளத்தில் தடித்த பருத்தி வார் போதும். பட்டனை அழுத்தினால் நீளும் வார் வேண்டவே வேண்டாம். அதில் எப்போதும் ஒரு மெல்லிய இழுப்பு இருந்துகொண்டே இருக்கும், நாய்க்குத் தளர்வு என்றால் என்னவென்றே தெரியாமல் போகும்.

இறுக்கும் செயினும் முள் பட்டையும் வாங்காதீர்கள். கழுத்தில் மூச்சுக்குழாய் இருக்கிறது. வலிக்குப் பயந்து நடக்கும் நாய், அந்த வலியை எதிரே வரும் ஆளோடும் நாயோடும் முடிச்சுப் போட்டுவிடும். பிறகு அவர்களைப் பார்த்தாலே உறுமும். பலமாக இழுக்கிற நாய்க்கு, மார்புப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ் (கழுத்துக்குப் பதில் மார்பையும் முதுகையும் சுற்றி மாட்டும் பட்டை) நல்லது. இழுத்தால் உடம்பு நம் பக்கமே திரும்பிவிடும். முதுகில் மட்டும் வளையம் இருந்தால் நாய்க்கு இழுக்க இன்னும் வசதியாகிவிடும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறைக்கெல்லாம் தலை ஒடுங்கியது, சாதாரணக் கழுத்துப்பட்டையிலிருந்து பின்வாங்கிக் கழன்றுவிடும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தின்பண்டத்துக்கு, உப்பும் வெங்காயமும் போடாமல் அவித்த கோழிக்கறி. கொண்டைக்கடலை அளவுக்குக் கிள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு முன், பசியோடு இருக்கும்போது பழக்குங்கள். கொடுத்த அளவை அன்றைய சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள்.

முதல் படி: வீட்டுக்குள், வார் இல்லாமல்

ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். நான் 'சபாஷ்' என்று வைத்தேன். சபாஷ் சொல்லி உடனே ஒரு துண்டு கொடுங்கள். பத்துப் பதினைந்து தடவை. இரண்டு நாளில் அந்தச் சொல் காதில் விழுந்ததுமே திரும்பிப் பார்க்கும். அப்புறம் கூடத்தில் சும்மா நடங்கள். உங்கள் இடது காலுக்குப் பக்கத்தில் வந்ததும் சபாஷ், காலை ஒட்டிக் கையைத் தாழ்த்தித் துண்டு. கை முன்னால் நீண்டால் நாயும் முன்னால் போகும், அதனால் துண்டு எப்போதும் கால்சட்டைத் தையல் பக்கத்தில்தான்.

ஒரு வார்த்தை. வெள்ளை ராஜபாளையத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே காது கேளாதவை. தூங்கும்போது பின்னாலிருந்து கை தட்டினாலும் காது அசையவில்லை என்றால், அடங்காத நாய் என்று திட்டுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேட்காத நாய்க்கும் இதே பழக்கம் வரும். சொல்லுக்குப் பதிலாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் போதும்.

இரண்டாம் படி: மொட்டை மாடியில் வாரோடு

வாரின் வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, மீதியை மடித்து உள்ளங்கையில் பிடியுங்கள். கையைச் சுற்றி மட்டும் கட்டாதீர்கள், அம்மாவின் விரல் அப்படித்தான் போனது.

நடங்கள். வார் இறுகிய நொடியே நின்றுவிடுங்கள். பின்னால் இழுக்க வேண்டாம், பேச வேண்டாம். கையை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு சும்மா நில்லுங்கள். இப்போது நாயைக் கவனியுங்கள். கொஞ்ச நேரம் முன்னால் சாய்ந்தே நிற்கும். பிறகு ஒரு காது மெல்லப் பின்னால் திரும்பும். அடுத்து எடை பின்னங்காலுக்கு வரும். அப்போது ஹார்னஸில் மாட்டிய கொக்கி பக்கவாட்டில் விறைத்து நிற்பதை விட்டு நேராகக் கீழே தொங்கும். அந்தக் கொக்கியைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். கொக்கி தொங்கியதா, உடனே சபாஷ். நாய் காலருகில் வந்து துண்டை வாங்கிக்கொள்ளும், மறுபடி நடக்கலாம். வார் தளர்ந்தால் பாதை நகரும், இறுகினால் நின்றுவிடும். நாய்க்குப் புரிய வேண்டியது இவ்வளவுதான்.

ஒரு வேளைக்குப் பத்து நிமிடம் போதும். முதல் நாள் முத்து முப்பது அடி நடக்கப் பத்து நிமிடமும் ஆனது. மூன்றாம், நான்காம் நாளில் முன்பைவிட வெறியாக இழுக்கலாம். இத்தனை நாள் பலித்தது இப்போது பலிக்கவில்லையே என்று கடைசியாகப் பலத்தைக் காட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் ஓர் அடி கூடப் போய்விடாதீர்கள். அப்போது விட்டுக்கொடுத்தால், பலமாக இழுத்தால் கிடைக்கும் என்ற பாடம் அதற்குப் பதிந்துவிடும்.

மூன்றாம் படி: தெரு

மாடியில் ஐந்து நிமிடம் தளர்வாக நடந்த பிறகுதான் தெரு. காலை ஆறு, ஆறரைக்குள் போய்விடுங்கள். தாமதமானால் புறங்கையைத் தாரில் வையுங்கள். ஏழு விநாடி தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் வேகும்.

வாசல் கதவிலேயே பாடம் தொடங்குகிறது. துள்ளினால் கதவு மூடும், நான்கு காலும் தரையில் இருந்தால் திறக்கும்.

தெருவில் கோழிக்கறியைவிடப் பெரிய பரிசு மோப்பம்தான். அதைப் பிடுங்காதீர்கள், சம்பளமாகக் கொடுங்கள். பத்தடி தளர்வாக நடந்தால் 'போ, மோந்து பார்' என்று மரத்தடிக்கு விடுங்கள். முத்து சீக்கிரம் திருந்தியதற்குப் பாதிக் காரணம் எங்கள் தெரு வேப்பமரம்.

இழுத்துக்கொண்டே இருந்தால் நிற்பதை விட்டுத் திரும்பி நடங்கள். எதிர்த்திசையில் நான்கடி, கூட வந்ததும் சபாஷ், மறுபடி பழைய திசை.

தெரு நாய், ஆடு, அணில் எல்லாம் தனிப் பாடம். ராஜபாளையம் வேட்டைக்கு வளர்த்த நாய், கண்ணில் பட்டது ஓடினால் கால் தானாகக் கிளம்பும். அதைத் திட்டிப் பயனில்லை. எவ்வளவு தூரத்தில் இருந்தால் பார்த்தும் துண்டு வாங்கிக்கொள்கிறது என்று கண்டுபிடியுங்கள். முத்துவுக்கு அது முதலில் நாற்பது அடி. அந்தத் தூரத்தில் ஆட்டைப் பார்த்தால் ஒரு துண்டு, மறுபடி பார்த்தால் இன்னொன்று. வாரத்துக்குச் சில அடி நெருங்கினோம். தெரு நாய் எதிரே வந்தால் நேருக்கு நேர் போகாமல் அரைவட்டமாக விலகி நடங்கள். வாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள், நம் கையின் பதற்றம் வார் வழியாக அதற்குப் போய்விடும்.

கடைசியாக: மற்றவர் கையில்

வீட்டில் ஒருவர் நிற்க, இன்னொருவர் இழுத்த பக்கமெல்லாம் போனால் பழக்கம் வராது. அதனால் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். அம்மாவிடம் வாரைக் கொடுத்தபோது முதலில் மாடியில் இரண்டு சுற்று, நான் பக்கத்திலேயே இருந்தேன். 'இவன் இழுக்கவே இல்லையே' என்று அம்மா சந்தேகமாக என்னைப் பார்த்தார். நான்கு நாள் அப்படியே மாடியில் நடந்தார். ஐந்தாம் நாள், வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, அதே தெருமுனை வரை போய்வந்தார்.