ஆபீஸ் லேண்ட்லைனை வீட்டிலிருப்பவர்களின் மொபைலில் ஒலிக்க வைக்கலாம்

ஆபீஸில் ஆளில்லை. வாடிக்கையாளர்களோ பழக்கப்பட்ட லேண்ட்லைன் எண்ணுக்குத்தான் கூப்பிடுகிறார்கள். கால் ஃபார்வர்டிங் போட்டால் ஒரே மொபைலுக்குத்தான் போகிறது. அவர் எடுக்காவிட்டால் அந்த அழைப்பு போனதுதான். எங்கள் ஐந்து பேர் குழுவுக்கு நான் செய்து முடித்த வழி இது. லேண்ட்லைனை இணைய அழைப்போடு இணைப்பதற்குச் சில நாடுகளில் கட்டுப்பாடு உண்டு, முதலில் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

1. லேண்ட்லைன் வயரைச் செருகி, அதில் வரும் அழைப்பை இணைய அழைப்பாக மாற்ற ஒரு கேட்வே கருவி வேண்டும். அதில் எஃப்எக்ஸ்ஓ போர்ட் (வெளியிலிருந்து வரும் லைனைச் செருகும் இடம்) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எஃப்எக்ஸ்எஸ் என்பது போன் கருவியைச் செருகுவதற்கானது. அதில் லைனைச் செருகினால் போர்ட்டே கெட்டுப்போகலாம்.

2. எப்போதும் ஓடும் ஒரு சிறு கணினியில் அழைப்புகளைப் பிரித்து அனுப்பும் ஃப்ரீபிபிஎக்ஸ் மென்பொருளை நிறுவி, கேட்வேயை டிரங்க்காக (வெளி லைனாக) சேர்த்து, ஆளுக்கொரு எக்ஸ்டென்ஷன் (உள் எண்) கொடுங்கள்: 101, 102 என்று. எல்லாவற்றையும் ஒரு ரிங் குரூப்பில் போட்டு, எல்லா மொபைலும் ஒரே நேரத்தில் ஒலிக்க 'ரிங் ஆல்' வைத்து, உள்ளே வரும் அழைப்பை அதற்குத் திருப்புங்கள்.

3. நான் மாட்டிக்கொண்ட இடம் இது. மொபைல் ஒலித்தது, எடுத்தேன், எதிர்முனையில் "ஹலோ, ஹலோ" என்பது எனக்குக் கேட்டது. என் குரல் அவருக்குப் போகவில்லை. செயலியை மாற்றினேன், ஹெட்செட்டை மாற்றினேன், பலனில்லை. கடைசியில் சர்வரின் (அந்தச் சிறு கணினியின்) லாகை, அதாவது பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தால், பேச்சை எங்கே அனுப்பவேண்டும் என்று சர்வர் சொல்லும் வரியில் 192.168.1.20 என்று இருந்தது. அது ஆபீஸுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. அழைப்பை ஏற்படுத்துவது சிப் (SIP) என்ற நெறிமுறை. குரல் ஆர்டிபி (RTP) என்ற வேறொரு நெறிமுறை வழியாகத் தனியாகப் போகிறது. அதனால்தான் மணி அடித்தும் பேச்சு போய்ச் சேரவில்லை.

ரவுட்டரில் 'சிப் ஏஎல்ஜி' என்ற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். உதவி செய்வதாக நினைத்து அது முகவரிகளைக் குழப்பும். அடுத்து, சிப் பயன்படுத்தும் 5060 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்கவே வைக்காதீர்கள். பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே புகுந்து, உங்கள் லைனில் வெளிநாட்டுக்குப் பேசும் திருட்டு உண்மையிலேயே நடக்கிறது. அதற்குப் பதில் எனக்குப் பிடித்தது வயர்கார்டு விபிஎன், அதாவது வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான தனி வழி. ஒவ்வொரு மொபைலிலும் அதைப் போட்டுவிட்டு, விபிஎன் முகவரி வரம்பை ஃப்ரீபிபிஎக்ஸின் 'லோக்கல் நெட்வொர்க்ஸ்' பட்டியலில் சேருங்கள். இதை விட்டால் குரல் பிரச்சினை மறுபடி வரும்.

4. மொபைலில் அழைப்பை எடுக்க லின்ஃபோன் செயலி போதும். ஆண்ட்ராய்டில் லின்ஃபோன், வயர்கார்டு இரண்டுக்கும் பேட்டரி சிக்கனத்தை நீக்குங்கள். இல்லாவிட்டால் திரை அணைந்து கொஞ்ச நேரத்தில் மணி அடிக்காது. ஜி.711 கோடெக்குக்கு (குரலை இணையத்தில் அனுப்பும் வடிவமாக மாற்றும் முறை) ஒரு திசைக்கு ஏறத்தாழ 87 கேபிபிஎஸ் வேண்டும். இணையம் மந்தமான வீடுகளுக்கு ஓபஸ் கோடெக் நல்லது.

ஒரே லைன் என்றால் ஒரு நேரத்தில் ஒரு வெளி அழைப்புதான். ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் அடுத்து கூப்பிடுபவருக்கு என்கேஜ்டு.

பின்சேர்க்கை: பேசி வைத்த பிறகும் லைன் என்கேஜ்டாகவே நிற்கிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். எதிர்முனை வைத்துவிட்டது கேட்வேக்குப் புரியவில்லை என்று அர்த்தம். எதிர்முனை வைத்ததும் லைனில் வரும் பிஸி டோன் நாட்டுக்கு நாடு மாறும். கேட்வே செட்டிங்கில் உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்து, பிஸி டோன் கண்டறிதலை இயக்குங்கள். அழைப்பவர் எண் வராவிட்டால், கேட்வே இரண்டாவது மணிக்குப் பிறகு எடுக்கும்படி வையுங்கள். பல நாடுகளில் அந்த எண் முதல் இரண்டு மணிகளுக்கு இடையில்தான் வருகிறது.