ஒரே வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால் பென்டிரைவ் எதற்கு?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் கீழே அப்பாவின் டெஸ்க்டாப், மாடியில் என் லேப்டாப். பல வருஷம் பென்டிரைவை எடுத்துக்கொண்டு படி ஏறி இறங்கினோம். இரண்டும் ஒரே ரௌட்டரில்தானே இருக்கின்றன, அப்புறம் எதற்கு அந்த அலைச்சல்? ஒரு கம்ப்யூட்டரின் ஃபோல்டரை ஷேர் பண்ணினால் ரௌட்டர் வழியாகவே இன்னொன்றில் திறக்கலாம், இதற்கு இன்டர்நெட்கூட வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த சமயம் எங்களுக்கு நெட் சுத்தமாக இல்லை, ஆனால் இன்வெர்ட்டரில் ரௌட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் கீழே ஸ்கேன் பண்ணி வைத்திருந்த வீட்டுப் பத்திரத்தை மாடியிலிருந்தே எடுத்துவிட்டேன்.

விண்டோஸ் 11 வைத்துச் சொல்கிறேன். ஹோம்குரூப் (வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குள் ஃபைல் பகிர விண்டோஸில் இருந்த பழைய வசதி) என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள், அதை 2018-லேயே விண்டோஸ் 10-இலிருந்து எடுத்துவிட்டார்கள்.

முதலில் இரண்டு கம்ப்யூட்டரிலும் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், உங்கள் வைஃபை 'பப்ளிக்' என்று இருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள். பாதிப் பேருக்கு அடுத்த கம்ப்யூட்டர் தெரியாமல் போவது இதனால்தான். பிறகு அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் நெட்வொர்க் டிஸ்கவரி (கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க), ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள்.

அதே பக்கத்தில் பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங் என்று ஒன்று இருக்கும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அதை ஆஃப் பண்ணச் சொல்வார்கள், தயவுசெய்து பண்ணாதீர்கள். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் வைஃபை பாஸ்வேர்டு கொடுக்கிறோம், அவர்கள் கையில் குடும்ப போட்டோவும் பேங்க் பேப்பரும் திறந்து கிடக்கக் கூடாது. போதாக்குறைக்கு, விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவை அதுவாகவே மறுக்கும். எஸ்எம்பி 1 என்பது விண்டோஸ் ஃபைல் பகிரும் பழைய முறை; 'எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணு' என்ற பழைய யோசனையும் வேண்டாம், 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அந்தப் பழைய முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான்.

சரி, அதற்குப் பதில் என்ன? ஃபைல் இருக்கிற கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் இல்லாத தனி யூசர் ஒன்று உண்டாக்கி நல்ல பாஸ்வேர்டு போடுங்கள். தினமும் கம்ப்யூட்டரைத் திறக்கிற பின் நம்பர் நெட்வொர்க் வழியாகச் செல்லாது, இது தெரியாமல் நான் ஒரு சாயங்காலம் முழுக்க அதையே அடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஃபோல்டரில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஷேரிங், 'ஷேர்' பட்டன். அந்த யூசரைச் சேர்த்து, பார்க்க மட்டும் என்றால் 'ரீட்', மாற்றவும் வேண்டும் என்றால் 'ரீட்/ரைட்' கொடுங்கள். சி டிரைவ் முழுவதையும் ஷேர் பண்ண வேண்டாம், ஒரு ஃபோல்டர் போதும்.

இன்னொரு கம்ப்யூட்டரில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\ போட்டு முதல் கம்ப்யூட்டரின் பெயரை அடித்து என்டர் தட்டுங்கள். யூசர் பெயர், பாஸ்வேர்டு கேட்கும். பெயரில் திறக்கவில்லை என்றால் \\192.168.1.10 மாதிரி அதன் ஐபி எண்ணை (நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டரின் முகவரி) போட்டுப் பாருங்கள். அதிலும் வரவில்லையா, இரண்டில் ஒரு கம்ப்யூட்டர் கெஸ்ட் வைஃபையில் (விருந்தாளிகளுக்கென ரௌட்டர் தரும் தனி வைஃபை) இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் கெஸ்ட் வைஃபை மற்ற கம்ப்யூட்டர்களைப் பார்க்க விடாது. ஃபைல் இருக்கிற கம்ப்யூட்டர் ஸ்லீப்பில் போயிருந்தாலும் கிடைக்காது.

கல்யாண வீடியோ மாதிரி பெரிய ஃபைலுக்கு மட்டும் இரண்டு கம்ப்யூட்டரிலிருந்தும் ரௌட்டருக்கு நெட்வொர்க் கேபிள் போடுங்கள். 4 ஜிபி ஃபைல் 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் 6 நிமிஷம் பிடிக்கும், கிகாபிட் போர்ட்டில் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.