மலிவு டிக்கெட் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை மண்ணடியில் விமான டிக்கெட் மேஜையில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் இப்போதெல்லாம் பாதிப் பேர் டிக்கெட் கேட்டு வருவதில்லை. போனில் ஏற்கெனவே எடுத்துவிட்ட டிக்கெட்டைக் காட்டி, "இதை எப்படியாவது சரி பண்ணிக் குடுங்க பாய்" என்றுதான் வருகிறார்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்களும் அதே டிக்கெட் தளங்களைப் பார்த்து அதே குழியில்தான் விழுகிறார்கள். நானும் விழுந்து எழுந்தவன்தான், அந்தக் கதை இங்கே வேண்டாம். பெயரில் எழுத்துப்பிழை, ராத்திரி 12 மணிக்கு எந்தத் தேதி என்ற குழப்பம், பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இல்லாதது இதெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன்.

தளத்துக்குத் தளம் விலையே வேறு என்று நினைப்பது

கட்டணத்தை வைப்பது விமான நிறுவனம். அது அமேடியஸ், சேபர், டிராவல்போர்ட் மாதிரி டிக்கெட் விநியோகக் கணினி அமைப்புகள் வழியாகவோ நேரடி இணைப்பிலோ டிக்கெட் விற்கும் எல்லாக் கடைக்கும் போய்ச் சேருகிறது. அதனால் மேக்மைட்ரிப், கிளியர்ட்ரிப், இக்ஸிகோ எதில் பார்த்தாலும் அடிப்படைக் கட்டணம் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். கன்வீனியன்ஸ் ஃபீ, பேங்க் கார்டு தள்ளுபடி, தன் கமிஷனில் அவர்கள் விட்டுக்கொடுப்பது, இவற்றில்தான் வித்தியாசம். ஸ்கைஸ்கேனர், கூகுள் ஃப்ளைட்ஸ் போன்றவை தேடிக் காட்டிவிட்டுப் பெரும்பாலும் வேறொரு கடைக்கு அனுப்பி வைக்கின்றன. விலையில் பெரிதாகக் குறைக்க இடமில்லை என்பதால் போட்டி முழுக்கத் திரையில் நடக்கிறது. முதல் பக்கத்தில் நூறு ரூபாய் குறைவாகத் தெரிந்தால் ஆள் அங்கேதான் தட்டுவான், ஆகவே அந்த எண்ணை ஏற்றக்கூடிய எதுவும் முதல் பக்கத்தில் இருக்காது. கீழே சொல்லப்போவதில் பாதி இதிலிருந்து வருவதுதான்.

ரெண்டு டிக்கெட்டை ஒரே டிக்கெட் என்று நம்பி வாங்குவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

ஒரு கொருக்குப்பேட்டைப் பையன். சவுதியில் தம்மாமில் ஏசி மெக்கானிக் வேலை, புது விசா, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மச்சான் போனில் தேடி, மற்ற டிக்கெட்டுகளைவிட நாலாயிரம் ரூபாய்போலக் குறைவாக, சென்னை–ஷார்ஜா–தம்மாம் எடுத்துக் கொடுத்திருக்கிறான். எந்தத் தளம் என்பது வேண்டாம், இன்று பல தளங்களில் இது கிடைக்கிறது. மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுன்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "யுஏஇ விசா எங்கே?" என்று கேட்டிருக்கிறார்.

"நான் தம்மாம் போறேன் மேடம்."

"உங்க டிக்கெட் ஷார்ஜாவோட முடியுது சார்."

அங்கிருந்துதான் எனக்கு போன் வந்தது. பெட்டியில் கருவாடு, மசாலாத்தூள், ஊறுகாய் என்று முப்பது கிலோவைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறான், பின்னால் வரிசை நகர்கிறது.

நடந்தது இதுதான். ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், எடுத்த கனெக்ஷன் டிக்கெட்டில் பெட்டிக்குச் சென்னையிலேயே கடைசி ஊர்வரைக்கும் டேக் போட்டுவிடுவார்கள், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. பையன் கையில் இருந்தது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு நிறுவனங்களின் இரண்டு டிக்கெட், இரண்டு பிஎன்ஆர். தளம் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே விலையாகக் கூட்டிக் காட்டியது, அவ்வளவுதான். யுஏஇயில் இருக்கும் ஷார்ஜாவில் இறங்கி, இமிகிரேஷன் தாண்டி வெளியே போய், பெல்ட்டில் பெட்டியை எடுத்து, மறுபடி உள்ளே வந்து அடுத்த கவுன்ட்டரில் போட வேண்டும். வெளியே போக அந்த நாட்டு விசா வேண்டும். விசா இல்லாதவனை ஏற்றிக்கொண்டு போனால் திருப்பி அழைத்துவரும் செலவும் அபராதமும் விமான நிறுவனத்தின் தலையில் விழும் என்பதால் சென்னையிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் டிக்கெட் நோ-ஷோ, அதாவது ஆள் வரவில்லை என்ற கணக்கு. வரியும் ஏர்போர்ட் கட்டணமும் மட்டும் திரும்பும், அதிலும் தளம் தன் சர்வீஸ் சார்ஜைப் பிடித்துக்கொள்ளும். ஷார்ஜாவிலிருந்து போகும் இரண்டாவது டிக்கெட்டுக்கும் இதே கதி. ரெண்டு நாள் கழித்து ஒரே பிஎன்ஆரில் அவசர விலைக்கு டிக்கெட் போட்டு அனுப்பினோம். மிச்சம் பிடித்த நாலாயிரத்தைப்போல நாலைந்து மடங்கு போயிற்று.

எரிச்சல் எங்கே என்றால், தளம் பொய் சொல்லவில்லை. 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்', அதாவது விமானம் மாறுவது உங்கள் பொறுப்பு, என்று எழுதித்தான் இருந்தது. விலை தடித்த கறுப்பில், இது சாம்பல் நிறப் பொடி எழுத்தில், பயண நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தட்டினால் மட்டும் தெரிகிற இடத்தில். இந்த முறையையே தொழிலாக வளர்த்தது 2012ல் செக் நாட்டில் ஆரம்பித்த கிவி.காம். இணைப்பைத் தவறவிட்டால் மாற்று ஏற்பாடு என்று சில தளங்கள் தனியாக ஒரு கேரண்டியும் விற்கின்றன, ஆனால் எந்தக் கேரண்டியும் விசா வாங்கித் தராது. விசா தொல்லை இல்லாத ஊரிலும் தப்ப முடியாது: பாங்காக்கில் டான் முவாங்கில் இறக்கிவிட்டு சுவர்ணபூமியிலிருந்து அடுத்த விமானம் என்று போட்டிருப்பார்கள். ரெண்டும் ஊரின் வேறு வேறு மூலை, நடுவில் பாங்காக் டிராஃபிக்.

செல்ஃப் டிரான்ஸ்ஃபரே கூடாது என்று சொல்லமாட்டேன். நடுவில் இருக்கும் நாட்டுக்கு விசா உண்டு, கைப்பை மட்டும்தான், இடைவெளி அரை நாளுக்கு மேல் இருக்கிறது என்றால் எடுங்கள், நானே சிலருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மற்றவர்கள் பணம் கட்டும் முன் விவரப் பக்கத்தை முழுதாகத் திறந்து, பிஎன்ஆர் எத்தனை, பெட்டியை நடுவில் எடுக்கச் சொல்கிறதா, இறங்குவதும் ஏறுவதும் ஒரே ஏர்போர்ட்டா என்று பாருங்கள். இரண்டு பட்ஜெட் விமானங்கள், இரண்டும் வேறு வேறு நிறுவனம் என்றால் சந்தேகப்படுங்கள். முதல் விமானத்தின் கஸ்டமர் கேரில் "பெட்டிக்குக் கடைசி ஊர் டேக் போடுவீங்களா?" என்ற ஒரு கேள்வி போதும்.

'பெஸ்ட்' என்று மேலே நிற்பதை அப்படியே எடுப்பது

யாருக்கு பெஸ்ட்? ஹோட்டல் விலை ஒப்பிடும் டிரிவாகோ, தனக்கு க்ளிக்குக்கு அதிகம் கட்டும் தளங்களுக்கு முக்கியத்துவம் கொடுத்து வரிசைப்படுத்திவிட்டு மலிவானதைக் காட்டுவதுபோல விளம்பரம் செய்தது, சாதாரண அறையின் விலைக்குப் பக்கத்தில் சொகுசு அறையின் விலையை அடித்துக் காட்டியது என்று ஆஸ்திரேலிய நீதிமன்றம் கண்டுபிடித்து, 2022ல் 4.47 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. எதிர்ப்பக்கம் ஒரு முயற்சியும் நடந்தது. 2010ல் வந்த ஹிப்மங்க், விலையோடு பயண நேரத்தையும் இறங்கி ஏறும் தொல்லையையும் சேர்த்து, 'வேதனை' குறைவான விமானத்தை மேலே காட்டியது. அழகான டிசைன், எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு பெரிய நிறுவனம் வாங்கி, 2020 ஜனவரியில் மூடிவிட்டார்கள்.

நாலு பேருக்குச் சேர்த்தே தேடுவது

ஒரே எகானமியிலும் பல விலை அடுக்குகள் உண்டு. மலிவான அடுக்கில் ரெண்டு சீட் மட்டும் இருந்தால், நாலு பேர் என்று கேட்டவுடன் நாலையும் மேல் அடுக்கு விலைக்குத் தூக்கிவிடும். முதலில் ஒருவருக்கு, அப்புறம் இருவருக்கு என்று தேடிப் பாருங்கள். பிரித்து எடுத்தால் பிஎன்ஆர் வேறாகும் என்பதால், குழந்தைகளைப் பெரியவர் இல்லாத பிஎன்ஆரில் விட்டுவிடாதீர்கள்.

'2 சீட்தான் பாக்கி' என்றதும் பதறுவது

விமானத்தில் அது பல நேரம் உண்மை, ஆனால் அந்த விலை அடுக்கில் ரெண்டு, விமானத்தில் ரெண்டு இல்லை. ஹோட்டலில் இந்தப் பதற்ற வித்தையை நிறுத்தச் சொல்லி 2019ல் பிரிட்டனின் போட்டி ஆணையம் பெரிய தளங்களிடம் எழுதி வாங்கியது. நம் நாட்டிலும் 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்கள், போலி அவசரம், சொல்லாமல் இன்சூரன்ஸைக் கூடையில் போடுவது, கடைசிப் பக்கத்தில் கட்டணம் ஏற்றுவது உள்பட 13 தந்திரங்களைத் தடை செய்திருக்கின்றன. ஆனாலும் தளமே கட்டங்களில் போட்டு வைக்கும் டிக்கை இன்றும் நான்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்காக்னிட்டோவில் (பிரவுசரின் ரகசிய முறையில்) தேடினால் விலை குறையும் என்பது

நான் பார்த்தவரை குறைந்ததில்லை.

'லாஸ்ட் நேம்' கட்டத்தில் எதையாவது போடுவது

நமக்கு ஏது குடும்பப் பெயர்? கட்டம் காலியாக இருந்தால் தளம் நகராது, பையன் இனிஷியலைப் போட்டுவிடுவான். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் என்றால் எப்படி நிரப்புவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேட்டுவிட்டு நிரப்புங்கள். 2022 நவம்பரில் யுஏஇ, ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசாவில் வருபவர்களை அனுமதிக்க மாட்டோம் என்றது. அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று பிறகு விளக்கம் வந்தது.

விடியற்காலை விமானம் மலிவு என்பது

திருவொற்றியூரிலிருந்து அந்நேரத்துக்கு மெட்ரோ கிடையாது. டாக்ஸி காசையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பெயர் தெரியாத கடையில் முந்நூறு ரூபாய்க்காக வாங்குவது

தேடல் தளம் கடைசியில் அனுப்பி வைக்கும் கடை யாருடையது என்று யாரும் பார்ப்பதில்லை. விமானம் ரத்தானால்தான் தெரியும். ஏஜென்ட் வழியாக எடுத்தாலும் ரீஃபண்டுக்குப் பொறுப்பு விமான நிறுவனம்தான் என்று விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டிஜிசிஏவின் விதி சொல்கிறது, நடைமுறையில் அவர்கள் "ஏஜென்டுக்கு அனுப்பிட்டோம்" என்பார்கள், ஏஜென்ட் "இன்னும் வரலை" என்பார். 2020 ஊரடங்கில் ரத்தான டிக்கெட்டுகளுக்குப் பணம் கொடுக்கச் சொல்லி 2024லும் நுகர்வோர் ஆணையம் உத்தரவு போட வேண்டியிருந்தது. இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அடித்துப் புகார் பதியலாம். அதற்கு முன்னால், பணம் கட்டும் முன்பே அந்தக் கடையின் நம்பருக்கு ஒரு தடவை அடித்துப் பாருங்கள். ஆள் எடுத்துப் பேசாவிட்டால் நான் விமான நிறுவனத்தின் தளத்திலேயே எடுத்துவிடுவேன்.