ஓடிப்போகிறவர்களின் கதையை எப்படிப் படிப்பது

அமெரிக்காவின் புகழ்பெற்ற பழைய நாவல்களில் பல, இருக்கிற இடத்தை விட்டு ஓடிப்போகிற இளவயதினரின் கதைகள். ஹக் ஃபின் தெப்பத்தில் போகிறான், ஹோல்டன் கால்ஃபீல்டு ராத்திரியோடு ராத்திரியாக ரயிலேறுகிறான், ஜேனி பிடிக்காத புருஷனை விட்டுவிட்டுக் காலையிலேயே சாலைக்கு வந்து நிற்கிறாள். படிக்கிற நாமும் அவர்களோடு சேர்ந்தே ஓடுகிறோம். நானும் பல வருஷம் அப்படித்தான் படித்தேன். இப்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கிறேன்: இவர் ஓடும்போது, அப்படி ஓட முடியாத நிலையில் பக்கத்திலேயே நிற்பவர் யார்? இந்தக் கேள்வி வந்த பிறகு தெரிந்த நாவல்களே வேறு நாவல்களாகிவிட்டன. அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். கதையின் முடிவுகளைச் சொல்லாமல் இதை எழுத முடியாது, அதனால் முடிவு தெரியாமல் படிக்க நினைப்பவர்கள் முதலில் நாவலை முடித்துவிட்டு வாருங்கள்.

மார்க் ட்வெயினின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் தொடங்குங்கள். இங்கிலாந்தில் 1884 டிசம்பரிலும் அமெரிக்காவில் 1885 பிப்ரவரியிலும் வெளிவந்தது, ஆனால் கதை நடப்பது அதற்கு நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன்னால், மிசூரியில் அடிமைமுறை சட்டபூர்வமாக இருந்த காலத்தில். படிக்கும்போது பக்கத்தில் ஒரு வரைபடம் வைத்துக்கொள்ளுங்கள், இதைத் தவறவிடாதீர்கள். மிசிசிப்பி ஆறு தெற்கு நோக்கி ஓடுகிறது. ஹக்கும், அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடுகிற ஜிம் என்ற கறுப்பனும் திட்டமிடுவது கெய்ரோ என்ற ஊர் வரை போய், அங்கே வந்து கலக்கிற ஓஹயோ ஆற்றின் வழியாக அடிமைமுறை இல்லாத மாநிலங்களுக்குப் போய்விடுவது. மூடுபனியில் கெய்ரோவைத் தவறவிடுகிறார்கள். அதன்பிறகு தெப்பம் நகர்கிற ஒவ்வொரு மைலும் ஜிம்மை அடிமைமுறை இன்னும் கெட்டியாக இருக்கிற தெற்குக்குள் கொண்டுபோகிறது. ஹக்கைப் பொறுத்தவரை அது நட்சத்திரம் பார்த்துக்கொண்டு மிதக்கிற சுகமான பயணம். ஒரே தெப்பம், ஒரே ஆறு, ஆனால் இரண்டு பேரும் ஒரே திசையில் போகவில்லை என்பதை வரைபடம் இல்லாமல் படித்தபோது நான் கவனிக்கவே இல்லை.

அடுத்து, கதையில் வருகிற பணத்தொகைகளைப் பென்சிலால் கோடிடுங்கள். ஹக் பெயரில் நீதிபதி ஒருவரிடம் ஆறாயிரம் டாலர் இருக்கிறது, வட்டியே நாளுக்கு ஒரு டாலர் வருகிறது. ஜிம் ஓடுவதற்குக் காரணம், அவனுடைய எஜமானி மிஸ் வாட்சன் தன்னை 800 டாலருக்கு நியூ ஆர்லியன்ஸுக்கு விற்கப்போகிறாள் என்று அவன் காதில் விழுந்ததுதான். பின்னால் ஊர் ஊராக ஏமாற்றிப் பிழைக்கிற இருவர் அவனை 40 டாலருக்குக் காட்டிக்கொடுக்கிறார்கள். முடிவில் ஹக்கின் தோழன் டாம் சாயர் ஜிம் கையில் கொடுப்பதும் அதே 40 டாலர்தான். ஒரு சிறுவனின் சேமிப்பைவிட ஒரு மனிதனின் விலை எத்தனை மடங்கு குறைவு என்று கணக்குப் பார்த்த பிறகு, ஹக் தன் பணத்தைப் பற்றி அலட்டிக்கொள்ளாமல் ஊரை விட்டுப் போகிற இடம் முன்போல இனிக்காது. பணத்தை வேண்டாம் என்று சொல்லவும் அது முதலில் கையில் இருக்க வேண்டுமே.

இப்போது பதினாறாவது அத்தியாயத்துக்கு வாருங்கள், அவசரப்படாமல் இரண்டு முறை படியுங்கள். கெய்ரோ நெருங்குகிறது என்று நம்பிக்கொண்டிருக்கும்போது ஜிம் தன் திட்டத்தைச் சொல்கிறான். சம்பாதித்துக் காசு சேர்த்து முதலில் மனைவியை விலைக்கு வாங்குவது, பிறகு இருவருமாக உழைத்துப் பிள்ளைகள் இரண்டு பேரையும் வாங்குவது, முதலாளி விற்க மறுத்தால் அடிமை ஒழிப்பாளர் ஒருவரைக் கொண்டு பிள்ளைகளைத் தூக்கிவரச் செய்வது. இதைக் கேட்டு ஹக் அதிர்ந்துபோகிறான். தனக்கு ஒரு கெடுதலும் செய்யாத, தான் பார்த்தே இராத ஒருவனுடைய 'சொத்தை' இவன் திருடப் பார்க்கிறானே என்று அவன் மனசாட்சி குத்துகிறது! தகப்பன் தன் பிள்ளைகளைக் கேட்கிறான், நல்ல மனசுள்ள ஒரு பையனுக்கு அது திருட்டாகப் படுகிறது. அந்த ஊர் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த 'நல்லது' எவ்வளவு தூரம் உள்ளே இறங்கியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன பக்கங்களை நான் படித்ததில்லை.

இந்த அத்தியாயம் மனசில் நின்றால்தான் முப்பத்தொன்றாவது அத்தியாயத்தின் கனம் புரியும். ஜிம் பிடிபட்டுவிட்டான். அவன் இருக்கிற இடத்தைச் சொல்லி மிஸ் வாட்சனுக்கு ஹக் கடிதம் எழுதுகிறான், எழுதியதும் பாவமெல்லாம் கழுவப்பட்டதுபோல அவனுக்கு இருக்கிறது. பிறகு ஆற்றை நினைத்துப் பார்க்கிறான். தன்னை எழுப்பாமல் தன் முறைக்கும் சேர்த்து ஜிம் காவல் இருந்தது, மூடுபனியிலிருந்து தான் திரும்பி வந்தபோது ஜிம்முக்கு வந்த சந்தோஷம், எல்லாம் ஒவ்வொன்றாக வருகிறது. சரி, அப்படியானால் நான் நரகத்துக்கே போகிறேன் என்று சொல்லிக் கடிதத்தைக் கிழிக்கிறான். இங்கே கவனிக்க வேண்டியது: அடிமைமுறை தப்பு என்ற முடிவுக்கு ஹக் வரவே இல்லை. தான் செய்வது பாவம் என்றுதான் கடைசி வரை நம்புகிறான், நம்பிக்கொண்டே செய்கிறான். இது பிடிக்காதவர்கள் உண்டு. ஆனால் சட்டமும் சர்ச்சும் ஊரும் ஒரு பக்கம் நிற்க, சேர்ந்து பயணம் செய்த ஒரு மனிதனின் ஞாபகம் மட்டும் எதிர்ப்பக்கம் நிற்க, பதிமூன்று பதினான்கு வயதுப் பையன் அந்த ஞாபகத்தின் பக்கம் போனான் என்பதைத்தான் நான் வளர்தல் என்று சொல்வேன்.

கடைசி அத்தியாயங்களில் டாம் சாயர் வந்து ஜிம்மைக் காப்பாற்றுகிறேன் என்று வாரக்கணக்கில் விளையாடுவது எரிச்சலூட்டும். எனக்குக் கோபமே வந்தது. மிஸ் வாட்சன் இரண்டு மாதம் முன்பே இறந்துவிட்டாள், உயிலில் ஜிம்முக்கு விடுதலை கொடுத்திருக்கிறாள், டாமுக்கு அது முதலிலிருந்தே தெரியும். அந்தக் கோபத்தோடேயே படியுங்கள், தாண்டிப் போகாதீர்கள். ட்வெயின் 1876இல் எழுத ஆரம்பித்து 1883இல் முடித்தார். சட்டப்படி அடிமைமுறை 1865லேயே ஒழிந்துவிட்டது, ஆனால் உள்நாட்டுப் போருக்குப் பின் தெற்கில் தங்கியிருந்த வடக்கத்திய ராணுவம் 1877இல் அதைக் கைவிட்டுப் போன பிறகு கறுப்பர்களுக்குக் கிடைத்த உரிமைகள் ஒவ்வொன்றாகப் பறிபோய்க்கொண்டிருந்தன. காகிதத்தில் விடுதலையான மனிதனை மறுபடியும் கட்டிப்போட்டு விளையாடுகிற அந்த அத்தியாயங்களை இந்த வரலாற்றோடு சேர்த்துப் படிக்கிற விமர்சகர்கள் இருக்கிறார்கள், எனக்கும் அந்த வாசிப்பு சரியாகவே படுகிறது. கறுப்பர்களை இழிவாகச் சொல்லும் வசைச்சொல் இந்த நாவலில் இருநூறு முறைக்கு மேல் வருகிறது. தனியாகப் படிப்பவர்கள் மூலத்தையே படியுங்கள். பலர் கூடி உரக்கப் படிப்பதாக இருந்தால் அந்தச் சொல்லை என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் அது ஒவ்வொருவர் காதிலும் ஒரே மாதிரி விழாது.

ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு வட்டார வழக்கு தடையாக இருக்கும். அதற்கு ஒரே வழி, வாய்விட்டுப் படிப்பது. கண்ணுக்குப் புரியாத எழுத்துக்கூட்டல் காதுக்குச் சட்டென்று புரிந்துவிடும். இருபது பக்கம் தாண்டினால் பழகிவிடும்.

அடுத்து சோரா நீல் ஹர்ஸ்டன் 1937இல் எழுதிய 'தேர் ஐஸ் வேர் வாட்ச்சிங் காட்'. இதற்கும் வாய்விட்டுப் படிக்கிற வழிதான். இங்கே என் கேள்வி வேறு மாதிரி திரும்புகிறது, ஏனென்றால் நிற்க வைக்கப்படுகிறவளே கதாநாயகி. ஜேனியின் பாட்டி அடிமையாகப் பிறந்தவள். அவளுக்கு விடுதலை என்றால் பேத்தி பாதுகாப்பாக உட்கார்ந்திருப்பது, அதனால் பதினாறு வயசில் அறுபது ஏக்கர் நிலமுள்ள, வயதில் மிக மூத்த ஒருவனுக்குக் கட்டிவைக்கிறாள். பாட்டியை வில்லியாகப் படித்துவிடாதீர்கள். உட்கார அனுமதிக்கப்படாத வாழ்க்கை வாழ்ந்தவளுக்கு உட்காருவதுதான் கனவு, நகர்ந்து பார்க்காத பேத்திக்குத் தொடுவானம்தான் கனவு. ஒரு தலைமுறை உயிரைக் கொடுத்துச் சேர்த்த விடுதலை, அடுத்த தலைமுறைக்குச் சிறையாகிறது. நாவலின் ஆழமான வலி எனக்கு இதுதான்.

இரண்டாவது புருஷன் ஜோ ஸ்டார்க்ஸ், ஈட்டன்வில் என்ற கறுப்பர்களின் ஊருக்கு மேயராகிறான் (ஃப்ளோரிடாவில் நிஜமாகவே உள்ள ஊர், 1887இல் உருவானது, ஹர்ஸ்டன் வளர்ந்ததும் அங்கேதான்). அவன் ஜேனியின் கூந்தலைத் துணியால் கட்டிவைக்கச் சொல்கிறான், கடைத் திண்ணையில் ஆண்கள் கதை பேசும்போது அவள் சேரக்கூடாது என்கிறான். இந்தத் தலைத்துணி வருகிற இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டே வாருங்கள். அவன் செத்த பிறகு அவள் அத்தனை துணியையும் எரிக்கிறாள். அப்புறம் டீ கேக் வருகிறான், செக்கர்ஸ் என்ற பலகை ஆட்டத்தைக் கற்றுத்தருகிறான், விளையாட்டில் அவளைச் சரிசமமாக உட்காரவைத்த முதல் ஆள் அவன்தான். ஆனால் அவனும் ஒரு கட்டத்தில் அவளை அடிக்கிறான். காதல் கதை என்ற மயக்கத்தில் அந்தப் பக்கத்தை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். 1928இல் ஒக்கிசோபி ஏரிப் பகுதியைப் புரட்டிப்போட்ட நிஜப் புயலை வைத்து எழுதப்பட்ட பகுதிக்குப் பிறகு, ஜேனி தனியாக ஊர் திரும்புகிறாள், வீட்டுப் பின்திண்ணையில் உட்கார்ந்து தோழி ஃபீபியிடம் முழுக் கதையையும் சொல்கிறாள். முன்பு பேசவிடாமல் தடுத்ததும் ஒரு திண்ணைதான். வளர்தல் இங்கே ஊரை விட்டுப் போவதில் முடியவில்லை, திரும்பி வந்து தன் வாயால் சொல்வதில் இருக்கிறது.

ஜே. டி. சாலிஞ்சரின் 'தி கேட்ச்சர் இன் தி ரை' (1951) படிக்கும்போது ஹோல்டனின் புலம்பலில் அலுத்துப்போனால், அவன் தம்பி ஆலி வருகிற இடங்களை மட்டும் தேடி முதலில் படியுங்கள். ரத்தப் புற்றுநோயில் செத்துப்போன தம்பி, பச்சை மையில் கவிதைகள் எழுதிய அவனுடைய பேஸ்பால் கையுறை. ஹோல்டன் ஓடுவது பள்ளியிலிருந்து என்று நினைக்கிறோம், அந்தச் சாவிலிருந்துதான் ஓடுகிறான். மேற்கே போய்விடப் போகிறேன் என்று கிளம்பும்போது பத்து வயதுத் தங்கை ஃபீபி, அவன் சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பெரிய பெட்டியை இழுத்தபடி நானும் வருகிறேன் என்று வந்து நிற்கிறாள். அவன் போகவில்லை. பிறகு மழையில் நனைந்துகொண்டே அவள் குதிரை ராட்டினத்தில் சுற்றுவதைப் பார்க்கிறான், பிள்ளைகள் தங்க வளையத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்தால் விட்டுவிட வேண்டும், விழுந்தால் விழட்டும் என்று நினைக்கிறான். மலைவிளிம்பில் நின்று பிள்ளைகளை விழாமல் பிடிக்கிற ஆளாக வேண்டும் என்று முன்பு அவளிடம் சொன்னவன் இவன். இரண்டு இடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள்.

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960) எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம், எளிதான நாவல். ஆறு வயதிலிருந்து ஒன்பதை நெருங்கும் வரை ஸ்கவுட் வளர்வதை, பெரியவளான ஸ்கவுட் சொல்கிறாள். செய்யாத குற்றத்துக்காக மாட்டிக்கொண்ட டாம் ராபின்சன் என்ற கறுப்பனுக்காக வாதாடுகிற வக்கீல் அப்பா ஆட்டிகஸின் நீதிமன்றப் பேச்சைத்தான் எல்லோரும் கோடிடுவார்கள். நீங்கள் அந்த டாம் ராபின்சனின் உடம்பில் இருந்த பதினேழு குண்டுகளைக் கோடிடுங்கள். சிறையிலிருந்து ஓட முயன்றான் என்று சுட்டுவிடுகிறார்கள். ஹக் ஓடினால் சாகசம், ஹோல்டன் ஓடினால் துக்கம், டாம் ராபின்சன் ஓடினால் பதினேழு குண்டு. அந்தச் சிறுமியின் வளர்ச்சிக்கு யாருடைய உயிர் பாடமாகிறது என்று கேட்காமல் இந்த நாவலை எனக்கு இப்போது படிக்க முடியவில்லை, அதே சமயம் அவள் தெருவிலேயே இருக்கிற ராட்லி வீட்டுத் திண்ணையில் நின்று அவள் தெருவை வேறொருவர் கண்ணால் பார்க்கிற இடத்தில் இன்னமும் கண் கலங்குகிறது. இரண்டும் ஒன்றாகவே இருக்கட்டும்.

நான்கையும் முடித்த பிறகு மறுபடி ஹக்கின் பதினாறாவது அத்தியாயத்துக்குப் போங்கள். இந்த முறை புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அந்த ராத்திரியை ஜிம்மின் குரலில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். இந்தப் பையன் காட்டிக்கொடுப்பானா மாட்டானா என்று தெரியாமல் அவனிடம் தன் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறவனின் மனசில் என்ன ஓடியிருக்கும்? அதை எழுதி முடித்த கையோடு, பெர்சிவல் எவரெட் 2024இல் வெளியிட்ட 'ஜேம்ஸ்' நாவலை எடுங்கள், இதே ஆற்றுப் பயணத்தை ஜிம் சொல்வதாக எழுதியது. அதை முன்னாலேயே படித்துவிடாதீர்கள், உங்கள் ஒரு பக்கம் முதலில் வரட்டும்.