சாமையில் நாம் சறுக்கும் இடங்கள்

"சாமை பொங்கினேன், களி மாதிரி ஆயிடுச்சு" என்று யாராவது சொன்னால், குக்கரில் எத்தனை விசில் விட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பொன்னி அரிசிக்கு விடுகிற கணக்கிலேயே விட்டிருப்பார்கள். சாமை பொடி மணி, சீக்கிரம் வெந்துவிடும். கல் அரித்து, அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீரைக் கொதிக்கவிட்டுப் போடுங்கள். மூடி வைத்துச் சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். அடுப்பை அணைத்தபின் பத்து நிமிடம் திறக்காதீர்கள், பொலபொலவென்று நிற்கும்.

அதற்கு முந்தைய தவறு கடையிலேயே நடக்கிறது. பளிச்சென்று வெள்ளையாக இருப்பதைத்தான் நம் கை தேடும். அது தவிடு போகத் தீட்டிய சாமை. தவிட்டோடு நார்ச்சத்தில் பெரும்பகுதியும் போயிருக்கும். பிறகு அரிசியையே தின்றுவிட்டுப் போகலாமே! தீட்டாத சாமை கொஞ்சம் மங்கலாக, பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில் இருக்கும். ஜவ்வாது மலைப் பக்கம் போனால் நல்ல சாமை கிடைக்கும். ஆனால் மூட்டையாக வாங்காதீர்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாளானால் சிக்கு வாடை வந்துவிடும். ஒரு மாதத்துக்கு வேண்டியது போதும்.

சர்க்கரை உள்ளவர்கள் செய்வது வேறு. 'சிறுதானியம்தானே' என்று இன்னொரு கரண்டி வைத்துக்கொள்வார்கள். நூறு கிராம் சாமையில் மாவுச்சத்து சுமார் 65 கிராம். வெள்ளை அரிசியில் 78. வித்தியாசம் அவ்வளவுதான். நார்ச்சத்துதான் அரிசியில் 3 கிராமுக்கும் கீழே, சாமையில் ஏழரைக்கு மேலே. ஆக, அளவைக் குறைத்து, தட்டில் பாதிக்குக் காயும் கீரையும் வைத்தால்தான் பலன். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இரும்புச்சத்துக்காகச் சாமையை நம்புவதும் சரியல்ல. பழைய அட்டவணைகளில் நூறு கிராமுக்கு 9.3 மில்லிகிராம் என்று இருந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் அது ஒன்றேகால்தான். இணையத்தில் இன்னும் பழைய எண்ணே சுற்றுகிறது.

ஆறினால் சாமைச் சோறு விறைத்துப்போகும். அதைக் குப்பையில் கொட்டுவதுதான் எனக்குப் பொறுக்காது. இரவே தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் மோர் விட்டுக் கரைத்து, உப்புப் போட்டு, நாலு சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டால் தொட்டுக்கொள்ள வேறெதுவும் தேடமாட்டீர்கள்.