லேப்டாப் கடைசி ட்ரேயில் போகட்டும்

ஒரு முறை விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை முடிந்து, போர்டிங் கேட்டில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். திரையில் யாரோ ஒரு குழந்தையின் படம். அதே நிறம், அதே மாடல், ஆனால் என்னுடையது இல்லை. ஓடினேன். என்னுடையது ட்ரேயிலேயே இருந்தது. பக்கத்தில் அந்தக் குழந்தையின் அப்பா முகம் வெளிறி நின்றிருந்தார். அன்றைக்கே மூடியில் பெரிய மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினேன். நீங்களும் ஒட்டுங்கள். அடிப்பக்கம் போன் நம்பரும் இருக்கட்டும்.

லேப்டாப்பை வெளியே எடுக்க வேண்டுமா என்று ஊழியரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். புது வகை சிடி (CT) ஸ்கேனர் இருந்தால் பெரும்பாலும் பையிலேயே விடலாம்; அது பையை முப்பரிமாணத்தில் காட்டும். பழைய எக்ஸ்ரே என்றால் உறையைக் கழற்றித் தனி ட்ரேயில் வையுங்கள். பேட்டரியும் சர்க்யூட்டும் அடர்த்தியானவை, கீழே இருப்பதை மறைத்துவிடும். எக்ஸ்ரேயால் ஃபைல்கள் அழியாது, பயம் வேண்டாம்.

இனி ட்ரே வரிசை. ஜாக்கெட், பெல்ட் முதலில், அப்புறம் பை, லேப்டாப் கடைசியில். முதலில் அனுப்பினால், உங்களைச் சோதித்து முடிக்கும்வரை அது அந்தப் பக்கம் கேட்பாரற்றுக் கிடக்கும். அது இயந்திரத்துக்குள் நுழைவதைப் பார்த்த பிறகே நீங்கள் நகருங்கள். பின்னால் வருபவர் அவசரப்படுத்தினால் அவரை முன்னே விடுங்கள்.

லேப்டாப்பில் கொஞ்சமாவது சார்ஜ் இருக்க வேண்டும், சில இடங்களில் ஆன் செய்து காட்டச் சொல்வார்கள். துணியால் துடைத்துப் பார்த்தால் கலங்காதீர்கள். வெடிபொருள் துகள் உண்டா என்று பார்க்கும் வழக்கமான சோதனை அது.

பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட்-அவர் (பேட்டரி சேமிக்கும் ஆற்றலின் அளவு, Wh) வரை பொதுவாகச் சிக்கல் இல்லை. பவர் பேங்க்கில் 20,000 எம்ஏஹெச் (mAh) என்று போட்டிருந்தால், அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி 1,000-ஆல் வகுங்கள்: 74 வாட்-அவர்.

மறுபக்கம் போனதும் அங்கேயே நின்று பெல்ட் போடாதீர்கள். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓரமாகப் போய் எண்ணுங்கள்: லேப்டாப், சார்ஜர், போன், பர்ஸ், பாஸ்போர்ட். விமானத்தில் இடமில்லை என்று கடைசி நேரத்தில் கைப்பையைக் கீழே சரக்கு அறைக்கு அனுப்பச் சொன்னால், கொடுப்பதற்கு முன் லேப்டாப்பையும் பவர் பேங்கையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.