யூனிக்ஸ் ஏழாம் பதிப்பை டேப்பிலிருந்தே நிறுவுங்கள்: சிம்எச் வழிகாட்டி

பழைய யூனிக்ஸை ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் யாரோ நிறுவி முடித்து வைத்த டிஸ்க் இமேஜை இறக்கி, இரண்டு வரி தட்டி, லாகின் வந்ததும் நாலு கட்டளை போட்டுப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். 1979 ஜனவரியில் பெல் லேப்ஸ் வெளியிட்ட ஏழாம் பதிப்பை, அன்றைக்கு டேப்பில் போன வடிவத்திலேயே எடுத்து, காலி டிஸ்க்கில் நீங்களே நிறுவுங்கள். ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலைதான். பூட், ஃபைல் சிஸ்டம், டிவைஸ் ஃபைல், ஸ்வாப் என்று இன்றைய லினக்ஸ் இன்ஸ்டாலர் ஒரே பட்டனுக்குள் போட்டு மறைக்கிற எல்லாம் இதில் ஒவ்வொன்றாக உங்கள் கை வழியாகத்தான் நடக்கும்.

ஏழாம் பதிப்பைச் சொல்லக் காரணம் இருக்கிறது. போர்ன் ஷெல், மேக், ஆக், டார் எல்லாம் இதில் இருக்கின்றன, டைரக்டரி மாற சிடி என்று தட்டினால் போதும், அதனால் இன்றைய கைப்பழக்கம் பெரும்பாலும் செல்லும். சட்டச் சிக்கலும் இல்லை, 2002 ஜனவரியில் கால்டெரா நிறுவனம் இந்தப் பழைய பதிப்புகளை பிஎஸ்டி பாணி உரிமத்தில் திறந்துவிட்டது.

தேவையானவை இரண்டே. ஒன்று, பாப் சுப்னிக் தொடங்கிய சிம்எச் எமுலேட்டர், அதாவது பழைய கணினிகளைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள். டெபியன், உபுண்டுவில் சிம்எச் என்ற பெயரிலேயே பேக்கேஜ் இருக்கிறது, நமக்கு வேண்டியது அதிலுள்ள பிடிபி11 என்ற புரோகிராம், ஏழாம் பதிப்பு ஓடிய டெக் கம்பெனியின் பிடிபி-11 கணினியாக நடிப்பது அதுதான். இரண்டாவது, வாரன் டூமி தொடங்கிய யூனிக்ஸ் பாரம்பரியச் சங்கத்தின் காப்பகத்தில் கீத் பாஸ்டிக் பெயரிலுள்ள ஏழாம் பதிப்பு டேப். அது எஃப்0 முதல் எஃப்6 வரை ஏழு கோப்புகளாக இருக்கும், ஜிசிப்பைப் பிரித்துவிடுங்கள். கீழே கட்டளைகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். சுருக்கப் பெயர்களை எழுத்தெழுத்தாகப் படித்து, எல்லாவற்றையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். தமிழில் ஒரே மாதிரி தெரிபவை இவை: டிடிஓ tto, டிஎம் tm, ஆர்எம்டி rmt, எஸ்டிடிஒய் stty, ஆனால் டிடி dd; ஆர்பி rp, எச்பி hp, ஆனால் 7பி 7b, 20பி 20b, பிஎஸ் bs. பேரெழுத்தில் லாகின் பெயரைக் கொடுத்தால், உங்கள் டெர்மினலில் சிற்றெழுத்தே கிடையாது என்று யூனிக்ஸ் முடிவுகட்டி எல்லாவற்றையும் பேரெழுத்தில் காட்ட ஆரம்பித்துவிடும்.

முதலில் அந்த ஏழு கோப்புகளையும் ஒரே டேப் கோப்பாக்க வேண்டும். சும்மா ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினால் வேலை செய்யாது, ஏனென்றால் உண்மையான டேப்பில் தரவு பிளாக் பிளாக்காகப் பிரிந்து இருக்கும், சிம்எச்சுக்கும் அந்தப் பிரிவு தெரிந்தாக வேண்டும். வடிவம் எளிது: ஒவ்வொரு பிளாக்குக்கும் முன்னால் 4 பைட், பின்னால் 4 பைட், இரண்டிலும் அந்த பிளாக்கின் நீளம், சிறிய பைட் முதலில் வரும் வரிசையில். ஒரு கோப்பு முடிந்ததும் நான்கு பூஜ்ய பைட்டுகள், அதுதான் டேப் மார்க். ஏழும் முடிந்ததும் இன்னொரு டேப் மார்க். எஃப்0 முதல் எஃப்4 வரை பிளாக் அளவு 512 பைட், எஃப்5, எஃப்6 இரண்டுக்கும் 10240. கடைசி பிளாக் குறைந்தால் பூஜ்யத்தால் நிரப்புங்கள். பைதானில் இருபது வரிகூட வராது, நீங்களே எழுதிவிடுங்கள், ஏனென்றால் எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பது பின்னால் நேரடியாகத் தேவைப்படப் போகிறது: 3 ஃபைல் சிஸ்டம் உருவாக்கும் புரோகிராம், 4 டம்ப்பை, அதாவது ஃபைல் சிஸ்டத்தின் முழு நகலை, மீட்கும் புரோகிராம், 5 ரூட் ஃபைல் சிஸ்டத்தின் டம்ப், 6 யுஎஸ்ஆர் டம்ப்.

இப்போது பிடிபி11-ஐ ஓட்டி இவற்றைக் கொடுங்கள்:

செட் சிபியு 11/45
செட் சிபியு 256கே
செட் டிடிஓ 7பி
செட் ஆர்பி0 ஆர்பி04
அட்டாச் ஆர்பி0 (டிஸ்க் கோப்பின் பெயர்)
செட் டிஎம்0 லாக்டு
அட்டாச் டிஎம்0 (டேப் கோப்பின் பெயர்)
பூட் டிஎம்0

டிஸ்க் கோப்பு முன்பே இருக்க வேண்டியதில்லை, சிம்எச் உருவாக்கிக்கொள்ளும். கடைசி டிராக்கை மேலெழுதவா என்று கேட்டால் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். டேப்பை லாக் செய்வது அதன்மேல் தவறி எதுவும் எழுதிவிடாமல் இருக்க. 7பி இல்லையென்றால் பாரிட்டி பிட்டும் சேர்ந்து வந்து திரையில் கண்ட எழுத்தும் தெரியலாம்.

அடுத்த படிக்குப் போகுமுன் ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், இந்த நிறுவலில் தலை சுற்ற வைக்கிற இடம் இது ஒன்றுதான். சிம்எச் டிஸ்க்கை டெக் கம்பெனியின் மாடல் பெயரால் கூப்பிடுகிறது, அதனால் ஆர்பி04 டிஸ்க் அங்கே ஆர்பி0. ஏழாம் பதிப்பு யூனிக்ஸின் பூட் புரோகிராமுக்கும் கெர்னலுக்கும் ஆர்பி என்றால் அதற்கு முந்தைய ஆர்பி03 டிஸ்க், ஆர்பி04-க்கு அங்கே எச்பி என்று பெயர். இதோடு விட்டதா? யூனிக்ஸ் எழுந்த பிறகு டெவ் டைரக்டரியில் அதே டிஸ்க்குக்கு மறுபடியும் ஆர்பி0 என்றே பெயர் வைப்பார்கள், ஆனால் உள்ளே மேஜர் எண் (எந்த டிரைவர் என்று கெர்னலுக்குச் சொல்லும் எண்) 6, அதாவது எச்பி டிரைவர். ஆக சிம்எச் புராம்ப்ட்டில் ஆர்பி, பூட் புராம்ப்ட்டில் எச்பி, யூனிக்ஸுக்குள் திரும்ப ஆர்பி. டேப்புக்கு இவ்வளவு தொல்லை இல்லை, சிம்எச்சிலும் பூட்டிலும் டிஎம்தான், யூனிக்ஸுக்குள் மட்டும் எம்டி.

சரி, டேப் பூட் ஆனதும் திரையில் பூட் என்ற சொல்லும் அடுத்த வரியில் ஒரு முக்காற்புள்ளியும் வரும். அங்கே

டிஎம்(0,3)

என்று கொடுத்தால் ஃபைல் சிஸ்டம் உருவாக்கும் புரோகிராம் ஏறும். அளவு கேட்டால் 5000, எந்த இடம் என்று கேட்டால் எச்பி(0,0). முடிந்ததும் மறுபடி முக்காற்புள்ளி. இப்போது டிஎம்(0,4). டேப் எது என்று கேட்கும், டிஎம்(0,5). டிஸ்க் எது, எச்பி(0,0). டிஸ்க்கில் கிறுக்குவதற்கு முன் கடைசி வாய்ப்பு என்று ஒரு எச்சரிக்கை காட்டும், என்டர் தட்டுங்கள். டேப் முடிந்தது என்று வந்தால் ரூட் ஃபைல் சிஸ்டம் டிஸ்க்குக்கு வந்துவிட்டது. அந்தப் புராம்ப்ட்டிலேயே

எச்பி(0,0)எச்பிடிஎம்யூனிக்ஸ்

என்று தட்டுங்கள். ரூட்டில் நான்கு கெர்னல்கள் இருக்கின்றன, இரண்டு வகை டிஸ்க்குக்கும் இரண்டு வகை டேப்புக்கும் ஒவ்வொரு சேர்க்கையாக. நம்முடையது எச்பி டிஸ்க், டிஎம் டேப். நினைவக அளவைக் காட்டிவிட்டு ஒரு # வந்து நின்றால், சிங்கிள் யூசர் யூனிக்ஸில் ரூட்டாக இருக்கிறீர்கள். எம்வி கட்டளையால் அந்தக் கெர்னலுக்கு யூனிக்ஸ் என்று பெயர் மாற்றிவிடுங்கள், மற்ற மூன்றையும் அழித்துவிடலாம்.

அப்புறம் டிவைஸ் ஃபைல்கள்:

சிடி /டெவ்
மேக் ஆர்பி04
மேக் டிஎம்
சிடி /

எம்கேநோட் கட்டளைகள் ஓடுவது திரையில் தெரியும், மேஜர் எண் 6 வருவதைப் பாருங்கள்.

இனி யுஎஸ்ஆர். ஆர்பி04-க்கு 411 சிலிண்டர், ஒவ்வொன்றிலும் 19 டிராக், டிராக்குக்கு 22 செக்டர், ஆக சிலிண்டருக்கு 418 பிளாக். முதல் 23 சிலிண்டர் ரூட்டுக்கு, அது 9614 பிளாக். அடுத்த 21 சிலிண்டர் ஸ்வாப், 8778 பிளாக். மீதி 367 சிலிண்டரும் யுஎஸ்ஆருக்கு. 367-ஐ 418-ஆல் பெருக்கினால் 153406, அந்த எண்ணைத்தான் இப்போது தட்டப் போகிறோம். டிஸ்க்கில் பார்ட்டிஷன் டேபிள் என்று எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள், இந்தக் கணக்கு முழுவதும் டிரைவருக்குள் எழுதி வைக்கப்பட்டது.

/இடிசி/எம்கேஎஃப்எஸ் /டெவ்/ஆர்பி3 153406
டிடி ஐஎஃப்=/டெவ்/என்ஆர்எம்டி0 ஓஎஃப்=/டெவ்/நல் பிஎஸ்=20பி ஃபைல்ஸ்=6
ரெஸ்டோர் ஆர்எஃப் /டெவ்/ஆர்எம்டி0 /டெவ்/ஆர்பி3
/இடிசி/மவுன்ட் /டெவ்/ஆர்பி3 /யுஎஸ்ஆர்

ரெஸ்டோரில் கடைசி இ எழுத்து கிடையாது. இரண்டாவது வரி டேப்பின் முதல் ஆறு கோப்புகளைப் படித்துக் குப்பையில் போட்டு, ஏழாவதின் வாசலில் டேப்பை நிறுத்துகிறது. 20பி என்றால் இருபது 512, அதாவது டேப் செய்யும்போது வைத்த அதே 10240. டிவைஸ் பெயரின் முதலிலுள்ள என் எழுத்துதான் முக்கியம், அது இருந்தால் படித்து முடித்ததும் டேப் பின்னால் சுற்றிக்கொள்ளாது. ரெஸ்டோர் டேப்பை ஏற்காமல் முரண்டு பிடித்தால் டேப் வேறு இடத்தில் நிற்கிறது என்று அர்த்தம். ஆர்எம்டி0-இலிருந்து டிடி மூலம் ஒரே ஒரு பிளாக் படியுங்கள், மூடும்போது தானே முதலுக்குச் சுற்றிக்கொள்ளும், பிறகு டிடி வரியிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.

இனி டேப் இல்லாமல் டிஸ்க்கிலிருந்தே எழும்ப பூட் பிளாக் வேண்டும்:

டிடி ஐஎஃப்=/யுஎஸ்ஆர்/எம்டெக்/எச்பியுபூட் ஓஎஃப்=/டெவ்/ஆர்பி0 கவுன்ட்=1
சிங்க்

முழு பிளாக் ஒன்றுகூட இல்லை என்பதுபோல 0+1 என்று டிடி சொல்லும், அது தவறு இல்லை. பூட் புரோகிராம் 512 பைட்டுக்கும் குறைவு, அவ்வளவுதான்.

கன்ட்ரோல்-இ தட்டினால் சிம்எச் புராம்ப்ட்டுக்கு வருவீர்கள். பூட் ஆர்பி0 கொடுங்கள். திரை வெறுமையாக நிற்கும், எதுவும் கேட்காது. பலரும் கெட்டுவிட்டது என்று நினைத்து நிறுத்துவது இங்கேதான். அந்த வெற்றுத் திரையிலேயே பூட் என்று தட்டி என்டர் கொடுங்கள், பழைய முக்காற்புள்ளி வரும், எச்பி(0,0)யூனிக்ஸ் என்று கொடுங்கள். # வந்ததும் கன்ட்ரோல்-டி தட்டினால் மல்டி யூசராக மாறும். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் உரிம எச்சரிக்கை, ஒரு பழைய தேதி, பிறகு லாகின். பெயரும் ரூட், கடவுச்சொல்லும் ரூட்.

உள்ளே போனதும் முதலில் விசைகளைச் சரிசெய்யுங்கள். இந்தப் பதிப்பில் ஒரு எழுத்தை அழிக்க # தட்ட வேண்டும், வரி முழுவதையும் அழிக்க @. காகித டெலிடைப்பில் அச்சான எழுத்தை அழிக்க முடியாது, அதற்கு ஏற்ற ஏற்பாடு அது. இன்றைய டெர்மினல்களில் பேக்ஸ்பேஸ் பெரும்பாலும் 127 என்ற எழுத்தை அனுப்பும், இங்கே அது இன்டரப்ட், அதாவது நம் கன்ட்ரோல்-சி. எழுத்தை அழிக்கப் போய் ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமைக் கொன்றுவிடுவீர்கள். இதைக் கொடுங்கள்:

எஸ்டிடிஒய் இரேஸ் '^எச்'

இனி கன்ட்ரோல்-எச் அழிக்கும். மேற்கோள் குறியை விட்டுவிடாதீர்கள், இந்த ஷெல்லுக்கு ^ என்றாலும் பைப்தான்.

தேதிக்கு ஆண்டின் கடைசி இரண்டு எண்ணைத்தான் வாங்கும், முன்னால் 19 என்று தானே வைத்துக்கொள்ளும். நடப்பு ஆண்டிலிருந்து 28-ஐக் கழித்துக் கொடுங்கள், கிழமைகள் ஒத்துப்போகும். 2026-க்கு 98.

விஐ கிடையாது, ஈடி மட்டும்தான். பக்கம் பக்கமாகக் காட்ட மோர் கிடையாது, கன்ட்ரோல்-எஸ் நிறுத்தும், கன்ட்ரோல்-க்யூ தொடரும். அதை வைத்துக்கொண்டு /யுஎஸ்ஆர்/சிஸ்/டெவ் டைரக்டரியில் எச்பி.சி கோப்பை கேட் போட்டுப் படியுங்கள். நீங்கள் தட்டிய 153406-உம், 9614-உம், 8778-உம் சிலிண்டர் எண்களோடு அந்த அட்டவணையில் இருக்கும். கெர்னலின் முழு மூலநிரலும் அந்த மரத்துக்குள்தான் இருக்கிறது, நிதானமாகப் படித்தால் முழுவதையும் ஒருவரே படித்து முடித்துவிடலாம்.

நிறுத்துவதற்கு ஷட்டவுன் கட்டளை இல்லை. சிங்க் இரண்டு தடவை, கன்ட்ரோல்-இ, பிறகு சிம்எச்சில் க்விட். சிங்க் இல்லாமல் மூடினால் ஃபைல் சிஸ்டம் குலைந்துபோகலாம், அதைத் தானே சரிசெய்யும் எஃப்எஸ்சிகே இந்த டேப்பில் இல்லை, ஐசெக், டிசெக் இரண்டையும் வைத்துக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். அதனால் முதல் லாகின் நன்றாக வந்த கையோடு, சிம்எச்சை மூடி, டிஸ்க் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.